இடது முன்சக்கரம்

திங்கட்கிழமை

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும், உன் மாடுகளும், முக்கியமாக அந்தக் காரும் சுகமாக இருக்க வேண்டும்.

கவரின் மேல் இருக்கும் எழுத்து யாருடையது என்று திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். என்னுடையதுதான். நான் சொல்ல யாரோ எழுதியது என்று நினைக்காதே. என் கை, என் பேனா. மேலே இருக்கும் இரண்டு வரிக்கே ஜன்னல் வெயில் கட்டில்வரை நகர்ந்துவிட்டது. எழுதியதைத் திரும்பப் படித்தால், நான் நினைத்ததையே அது சொல்கிறது! இதில் இத்தனை சந்தோஷம் இருக்கிறது என்று ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லையே. படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து மறைத்து வைத்திருந்தீர்கள்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் முன்புவரை எனக்குப் படிக்கத் தெரியாது. அறுபத்தேழு வயதுவரை. பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷத்தையும் கையால் தொட்டும் காதால் கேட்டுமே ஓட்டிவிட்டேன். கையெழுத்தை மட்டும் படம் வரைவது போல வரைவேன். உன் அம்மாவுக்கு இது தெரியும். எங்கள் பஸ்களுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். உன்னிடம்தான் சொல்லவில்லை. உன் அப்பா தலைமையாசிரியர். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் அந்த வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பதினான்கு வயது, கூடத்துச் சுவர் முழுக்க அவர் புத்தகங்கள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினோரு வருஷம் போய்விட்டது.

நீ மலைக்கு மாட்டு டாக்டராகப் போன மறுவாரம் நூலகத்தில் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். மொத்தம் ஆறு பேர். சொல்லிக்கொடுப்பது அங்கே இருக்கும் நூலகர், உன்னைவிடச் சின்னப் பெண். ஒரு வார்த்தையைச் சரியாகப் படித்துவிட்டால் "சூப்பர் தாத்தா" என்று கை தட்டுகிறாள். தாத்தா என்றால் வேண்டுமென்றே தப்பாகப் படிப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வகுப்புப் புத்தகத்தில் படகும் பட்டமும்தான் வருகின்றன. எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ஷெட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த உன் நோட்டை எடுத்துக்கொண்டேன். நாம் காரை ரிப்பேர் செய்த ஐந்து மாதமும் நீ தினம் எழுதினாயே, அந்த நோட்டு. நாளைக்கு ஒரு பக்கம். இன்று இருபத்திரண்டாம் பக்கம். உன் எழுத்து குண்டு குண்டாக, என் மாதிரி ஆளுக்கு வசதியாக இருக்கிறது. 'கார்புரேட்டர்' என்ற வார்த்தைக்கு எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பேன்.

படிக்கும்போது எல்லாம் கண் முன்னால் வருகிறது. உன் அப்பாவின் கார் மேல் போட்ட தார்ப்பாயை விலக்கக்கூட நீ யாரையும் விட்டதில்லை. வேலை கிடைத்ததும், "அதை ஓட்டிக்கிட்டுதான் மலைக்குப் போவேன்" என்றாய். உன் அம்மா, "உள்ள ஒரு எலி குடும்பம் நடத்துது, அதையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள். அன்றைக்கு நான் சொன்ன ஒரே நிபந்தனை உனக்கு நினைவிருக்கும். வலது பக்கம் என்னுடையது, இடது பக்கம் உன்னுடையது. வலது பக்கத்தில் நான் செய்வதை நீ பார், இடது பக்கத்தில் அதையே நீ செய். உன் பக்கம் நான் தொடவும் மாட்டேன், எட்டிப் பார்க்கவும் மாட்டேன். தலைக்கு மேல் ஒருவன் நின்று தப்பு சொல்லிக்கொண்டிருந்தால் கைக்குத் தொழில் பிடிபடாது, இது நான் ஒர்க்‌ஷாப்பில் கண்டது. நீ இடது பின்சக்கரத்து பிரேக் டிரம்மைக் கழற்ற இரண்டு நாள் போராடினாய். நான் வெளியே கட்டைச்சுவரில் உட்கார்ந்து டீ குடிப்பது போல நடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுத்தியல் சத்தத்துக்கும் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

மலைப்பக்கம் மழை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராதே. கியரைக் குறைத்து, இன்ஜின் பிடித்துக்கொள்ளும்படி இறக்கு. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் அம்மா சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு முடிப்பதற்குள் டவர் போய்விடுகிறது. காரைப் பற்றிக் கேட்க எனக்கு முறை வருவதே இல்லை. டயரில் காற்று பார்க்கிறாயா? காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்கிறதா? இரண்டு வரி எழுதிப் போடு. நானே படித்துக்கொள்வேன்.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தால் பரவாயில்லை. இத்தனை வருஷம் என்னிடமே மறைத்தாரே என்று கோபம் வந்தால், அதையும் எழுதிவிடு. எதுவும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மாவின் வீட்டுக்காரர்

வெள்ளிக்கிழமை, அவசரம்

டாக்டரம்மாவுக்கு,

காரை எடுக்காதே. எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு மேலே படி.

இன்று காலை நோட்டில் இருபத்தாறாம் பக்கம். அதில் உன் எழுத்தில் இப்படி இருக்கிறது: "இடது முன்சக்கரம். பிரேக் ஹோஸில் வெடிப்பு தெரிகிறது. புது ஹோஸ் பலகை மேல் வைத்திருக்கிறேன், எனக்கு மாற்றப் பயமாக இருக்கிறது. அப்பா, இது ஒன்றை மட்டும் நீங்கள் மாற்றிவிடுங்கள்." பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் என் டிக்.

நான் மாற்றவில்லை அம்மா. அந்தச் சக்கரத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எப்படி நடந்தது என்று உனக்கே புரிந்திருக்கும். தினமும் சாயங்காலம் "பாத்துட்டு டிக் போடுங்க" என்று நோட்டை நீட்டுவாய். நான் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, "கண்ணாடி உள்ள இருக்கு, அப்புறம் பாக்கறேன்" என்பேன். நீ உள்ளே போனதும் எல்லா வரிக்கும் ஒரு டிக். நீ செய்து முடித்த வேலைகளைத்தான் எழுதுகிறாய், நான் செய்ய வேண்டியதை வாயால் சொல்லிவிடுகிறாய் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். வீங்கின கன்னத்தோடு வந்து படுத்துவிட்டேன். அதனால்தான் நீ சொல்லாமல் எழுதி வைத்திருக்கிறாய். மறுநாள் நான் வழக்கம்போல டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். கடைசியில் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் கல் மாதிரி நின்றது, எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் ஆயில் போகிற ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் இன்று பிடிக்கும், நாளை பிடிக்கும், ஒரு நாள் ஓங்கி மிதிக்கும்போது பிளந்துவிடும். இப்போதைய வண்டிகளில் ஒரு பக்கம் போனாலும் இன்னொரு பக்கம் பிடிக்கும். இது பழைய வண்டி. நாலு சக்கரத்துக்கும் ஆயில் ஒரே வழிதான் போகிறது. ஒன்று போனால் நாலும் போச்சு.

உனக்குப் போன் போட்டேன், மணியே அடிக்கவில்லை. உன் ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். கம்பவுண்டர் எடுத்து, "மேடம் ஊசி போடற கேம்ப்புக்குப் போயிருக்காங்க, கார்லதான். ஞாயித்துக்கிழமைதான் வருவாங்க, அங்க டவர் கிடையாது" என்றார். பிரேக் ஹோஸ் பிரேக் ஹோஸ் என்று மூன்று தடவை கத்தினேன். "எந்த மாட்டுக்கு?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை சைலன்சர் கொண்டுவருகிறார். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்தான். அவர் ரகசியம் பேசினாலே மூன்று தெருவுக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். இப்போது தீவன லாரி ஓட்டுகிறார், உங்கள் கேம்ப்புக்கே லோடாம். லாரியில் இடம் இல்லை, நானும் ஹோஸ் இல்லாமல் வெறும் கையோடு வந்து பயன் இல்லை. பலகை மேல் நீ வைத்த ஹோஸைக் காணோம், ஷெட்டைக் கூட்டும்போது எங்கோ போயிருக்கும்; பழைய பார்ட்ஸ் கடையும் இன்று மூடியிருக்கிறது. நாளைக் காலையில் கடை திறந்ததும் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

இதைப் படிக்கும் முன்பே நீ வண்டியில் கிளம்பியிருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஒருவேளை பெடல் சும்மா உள்ளே போனால் பதறாதே. கியரை ஒவ்வொன்றாகக் குறை. கை பிரேக்குக்குக் கேபிள் தனி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழு. மலை இருக்கும் பக்கமாக உரசி நிறுத்து. பெயின்ட் போனால் போகட்டும். பள்ளத்துப் பக்கம் மட்டும் வேண்டாம்.

இன்னொன்றும் எழுத வேண்டும், ஆனால் சைலன்சர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். அந்த வரியில் 'அப்பா' என்று இருக்கிறது. முதலில், உன் அப்பாவைப் பற்றித்தான் ஏதோ எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்து பதின்மூன்று வருஷமான மனிதரிடம் யார் ஹோஸ் மாற்றச் சொல்வார்கள் என்று அப்புறம்தான் உறைத்தது. நீ இதுவரை என்னை எப்படியும் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பாய், இல்லாவிட்டால் ஸ்பேனரால் தட்டுவாய். "பேங்க்ல டோக்கன் நம்பர் கூப்பிடற மாதிரி கூப்பிடறா" என்று உன் அம்மா கேலி செய்வாள். இதைப் பற்றி யோசிக்க இப்போது எனக்கு நிதானம் இல்லை. முதலில் நீ பத்திரமாக இரு.

உன் அம்மா பதறவே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. "நோட்டை முழுசாப் படிச்சீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பெண் மலையில் பிரேக் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள், உனக்கு நோட்டுதான் முக்கியமா என்று கத்திவிட்டேன்.

இப்படிக்கு,
டிக் போட்டவன்

சனிக்கிழமை

'டாக்டரம்மாவுக்கு' என்று எழுதி அடித்துவிட்டேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பாதி மலையில் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது. வெட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார் டிரைவர். "அவசரம்னா எறங்கித் தள்ளுங்க" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் சீட்டில் காலை நீட்டிக்கொண்டார். மரம் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. மரத்துக்கு அடியில் ஏதாவது வண்டி மாட்டியிருக்கிறதா, என்ன நிறம் என்று நாலு பேரிடம் கேட்டேன். வண்டி ஒன்றும் இல்லையாம்.

உன் அம்மா என் பையில் ஹோஸோடு நோட்டையும் வைத்துக் கட்டியிருந்தாள். "பஸ்ல சும்மாதானே உக்காந்திருப்பீங்க" என்றாள். எனக்கு நாளைக்கு ஒரு பக்கம் என்று பழகிவிட்டது. இருபத்தாறாம் பக்கத்தைப் படித்ததும் ஓடத் தொடங்கினேனே தவிர, அடுத்த பக்கத்தைத் திருப்பலாம் என்றே தோன்றவில்லை. பஸ் ஏறி ஒரு மணி நேரம் கழித்துத்தான், மனசு நிற்காமல் நோட்டை எடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "பெரியவரே, வளைவுல படிச்சா வாந்தி வரும்" என்றார். எனக்குப் படிக்க வந்ததே பெரிய விஷயம், கூட வாந்தியும் வந்தால் வரட்டும் என்றேன்.

இருபத்தேழாம் பக்கத்தில் இரண்டே வரி. "டிக் போட்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை."

அடுத்த பக்கத்தில் வெறும் வேலைக் குறிப்பு. அந்த நாலு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ என்னிடம் பேசவே இல்லை. வேலையில் சலிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் உன் அம்மாவிடம் சொன்னேன்.

இருபத்தொன்பதாம் பக்கம்: "இன்று சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பழைய ஹோஸ் அப்படியே இருக்கிறது. புதுசு பலகை மேலேயே கிடக்கிறது. அவர் வேலையில் ஏமாற்றுகிற ஆள் இல்லை. அப்படியானால் படிக்கவில்லை. கண்ணாடி உள்ளே இருக்கிறது என்று தினம் சொல்கிறாரே, அவருக்குக் கண்ணாடியே கிடையாது! எனக்கு ஏன் இத்தனை வருஷம் தெரியவில்லை?"

முப்பதாம் பக்கம்: "அப்பாவை வாஷர் வாங்க அனுப்பிவிட்டு ஹோஸை நானே மாற்றினேன். பயமாகத்தான் இருந்தது. பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்ற அம்மா பெடல் மிதித்தாள். இதற்குப் பதில் ஒரு தையல் மிஷினே வாங்கியிருக்கலாம் என்று திட்டிக்கொண்டே மிதித்தாள். அப்பாவிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவராகச் சொல்லட்டும்."

அந்த வாஷருக்காக நான் நாலு கடை ஏறி இறங்கினேன். அப்படி ஒரு அளவே கிடையாது என்று நாலு கடையிலும் சிரித்தார்கள். திரும்பி வந்து சொன்னதும் நீ, "அப்படியா, சரி விடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாய். வெயிலில் அலைய விட்டோமே என்று வருத்தப்படுகிறாய் என நினைத்துக்கொண்டேன்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ஹோஸ் புதுசு, நீ பிழைத்தாய், நான் பிழைத்தேன். முதலில் அந்த நிம்மதி. பிறகுதான் இருபத்தேழாம் பக்கம் குத்தத் தொடங்கியது. வாயால் கூப்பிட வராமல், பதினோரு வருஷம் கழித்து முதல் தடவையாக எழுதிக் கூப்பிட்டிருக்கிறாய். நான் அதற்கு சிவப்பில் ஒரு கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். நீ நாலு நாள் காத்திருந்திருக்கிறாய். அந்த நாலு நாளை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

எனக்குப் படிக்க வராது என்று தெரிந்த பிறகு நீ தாராளமாக எழுதியிருக்கிறாய். முப்பத்தொன்றிலிருந்து பக்கத்துக்குப் பக்கம் அதே சொல்தான். அப்பா வலது கதவைச் சரி செய்தார். அப்பா இன்று சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா இன்ஜினிடம் பேசுகிறார், அது பதில் சொல்வது போலத் தலையை ஆட்டுகிறார். நான் இன்ஜினிடம் பேசுவது எனக்கே தெரியாது. நாற்பதாம் பக்கம்வரை படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை, வளைவு காரணம் இல்லை. எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதியதை எல்லாம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து பார்த்துவிட்டேன். அது உனக்குக் கூச்சமாக இருந்தால் மன்னித்துக்கொள்.

நேற்றுக் கொடுத்தனுப்பிய கடிதம் உன் கைக்கு வந்திருக்கும். நல்ல காரை நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மழையில் மாடு மாடாக நடந்துகொண்டிருப்பாய். அதற்கும் சேர்த்துத் திட்டு. எல்லாம் தெரிந்துகொண்டே என்னை பஸ் ஏற்றிவிட்ட உன் அம்மாவோடு நான் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கீழே போகிற பஸ் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் போக முடியவில்லை, காரணம் வேறு. நோட்டில் இடது பக்கத்து வேலை ஒவ்வொன்றுக்கும், என் டிக்குக்குப் பக்கத்தில், நீ பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறாய். ஒவ்வொன்றையும் மறுபடி நீயே பார்த்திருக்கிறாய் என்று புரிந்தது. வலது பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. "வலது பக்கம் அப்பா செய்தது. பார்க்க வேண்டியதில்லை" என்று ஒரே வரி. அதைப் படித்ததும் நெஞ்சு நிறைந்தது, அடுத்த நொடியே வேறொன்று நினைவுக்கு வந்தது. கன்னம் வீங்கியிருந்த அந்த வாரம் வலது பின்சக்கரத்தில் வேலை செய்தேன். என்ன கழற்றினேன், எதை எவ்வளவு முறுக்கினேன் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. வலியில் கண்ணே தெரியாமல் செய்த வேலை. ஆறு மாதமாக நீ அதை நம்பி மலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாய்.

அதனால் மேலேதான் வருகிறேன். நேரில் எனக்குப் பேச வராது, இந்தத் தாளை உன் கையில் கொடுத்துவிடுவேன். படித்ததும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வா. என் பக்கத்து இரண்டு சக்கரத்தையும் நீயே கழற்ற வேண்டும். நான் செய்ததாயிற்றே என்று தயங்காதே. ஒவ்வொரு நட்டையும் சந்தேகப்படு. ஒர்க்‌ஷாப்பில் யாராவது என் வேலையைத் திரும்பப் பார்த்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும், சைலன்சரைக் கேட்டால் சொல்வார். மகள் பார்க்கலாம்.

மரத்தை எடுத்துவிட்டார்களாம், கண்டக்டர் விசில் அடிக்கிறார். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். அதுவரை எந்த இறக்கத்திலும் அவசரப்படாதே.

இப்படிக்கு,
நோட்டில் உள்ளபடி